சாக்கெட் ஏன் சுடுகிறது?

பழவேற்காடு ஏரியை அடுத்த ஆரம்பாக்கம் போன்ற ஊர்களில் உப்புக் காற்று பட்டு, சாக்கெட்டின் பித்தளைத் தகடுகள் களிம்பேறுகின்றன. பிளக்கின் முனை தொடும் இடத்தில் மின்தடை கூடுகிறது. விளக்கு எரியும்போது இது தெரியாது. மின்சாரக் காரோ சுமார் 15 ஆம்பியர் மின்னோட்டத்தை இரவு முழுவதும் இழுக்கும். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். தடை 0.1 ஓம் எனில், 15×15×0.1 = 22.5 வாட் வெப்பம் அச்சிறு இடத்திலேயே பிறக்கும். பிளாஸ்டிக் இளகித் தீப்பிடிக்கலாம். மின்னோட்டம் அளவை மீறாததால் ஃபியூஸ் போகாது! அதுவே ஆபத்து.

ஆகவே, காருக்கென மெயினிலிருந்து தனி ஒயர், புதிய 16 ஆம்பியர் சாக்கெட், நல்ல எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஆகியவை தேவை. எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடாது. அரைமணி கழித்துப் பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் மெயினை அணைத்துவிட்டு, சாக்கெட்டை மாற்றுங்கள்.