பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு, பந்தயத்துக்குத் திறப்பா?



"மைதானம் எப்ப துறப்பாங்க?" 2020ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் பிள்ளைகள் இருந்த வீடுகளில் இந்தக் கேள்வி கேட்காத நாள் குறைவு. உடுப்பிட்டி போன்ற வடமராட்சிக் கிராமங்களில் மாலைப் பொழுது என்றால் உதைபந்தும் கரப்பந்தும்தான். அந்தப் பந்து வீட்டு மூலையில் கிடக்க, பிள்ளை முற்றத்துக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தான். பதில் சொல்ல வேண்டியவள் தாய். அவளிடமோ பதில் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11ஆம் திகதி கொரோனாவைக் கொள்ளைநோய் என்று கூறியது. அதன் அவசரநிலை முடிந்ததாக 2023 மே 5ஆம் திகதி அறிவித்தது. இன்று முகக்கவசங்களை அலுமாரியில் வைத்துவிட்டோம். ஆனால் இன்னொரு கொள்ளைநோய் வராது என்று எவரால் உறுதி கூற முடியும்? விளையாட்டையும் கேளிக்கையையும் எப்போது, எந்த வரிசையில் திறப்பது என்று நிதானமாகச் சிந்திக்க உகந்த காலம் இதுதான்.

மூடிய கதை

நமது நாட்டில் 2020 மார்ச் 13ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. அதே நாட்களில், மார்ச் 12 முதல் 14 வரை, கொழும்பில் றோயல், சென் தோமஸ் கல்லூரிகளின் வருடாந்தக் கிரிக்கெட் போட்டி நடந்தது. ஒத்திவைக்கும்படி கேட்கப்பட்டும் ஒத்திவைக்கப்படவில்லை. போட்டியைப் பார்க்க வந்த ஒருவருக்குத் தொற்று இருந்தது பின்னர் தெரியவந்தது. மார்ச் 15ஆம் திகதி யாழ்ப்பாணம் அரியாலையில் ஓர் ஆராதனை நடந்தது. அதை நடத்திய, சுவிட்சர்லாந்திலிருந்து வந்த போதகருக்குத் தொற்று இருந்தது. கலந்துகொண்டவர்கள் தனிமைப்படுத்தப்பட்டார்கள், அவர்களில் சிலருக்கும் நோய் கண்டது. குடாநாடு பல நாட்கள் தொடர்ந்து ஊரடங்கில் கிடந்தது.

எந்தக் கல்லூரி, எந்தச் சமயத்தார் என்று விரல் நீட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நோய்க்கு இனமும் தெரியாது, மதமும் தெரியாது. மனிதர் நெருங்கி நின்று பாடினாலும் ஆரவாரித்தாலும் மூச்சு ஒன்றோடொன்று கலக்கிறது. நோய்க்கு வேண்டியது அதுதான். இத்தாலியின் மிலான் நகரில் 2020 பெப்ரவரி 19ஆம் திகதி நடந்த அத்தலாந்தா, வலென்சியா உதைபந்தாட்டத்தில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டார்கள். பேர்கமோ நகரில் நோய் பரவ அந்தப் போட்டியும் ஒரு காரணம் என்று பின்னர் பேசப்பட்டது.

திறந்த கதை

கேளிக்கைப் பூங்காக்கள் பட்ட பாட்டைப் பாருங்கள். ஷாங்காய் நகரின் டிஸ்னி பூங்கா 2020 ஜனவரி 25இல் மூடி மே 11இல் திறந்தது. வழமையாக வருவோரில் மூன்றில் ஒரு பங்கினரைக்கூட உள்ளே விடவில்லை. ஹொங்கொங் பூங்கா ஜூன் 18இல் திறந்து, ஒரு மாதம் நிறையுமுன் ஜூலை 15இல் மறுபடி மூடியது. கலிபோர்னியாப் பூங்காவோ 2020 மார்ச்சில் மூடியது, 2021 ஏப்ரல் 30இல்தான் திறந்தது. ஜப்பானில் உருளும் வண்டிகளில் ஏறுவோர் வாய்விட்டு அலறக்கூடாது, அலறலை நெஞ்சுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள்! சிரிப்பு வருகிறதல்லவா? ஆனால் அதில் அறிவு இருக்கிறது. அலறும்போதுதான் மூச்சு அதிக தூரம் போகிறது.

திறந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் எண்ண முடியாது. 2021 ஒக்டோபர் 31ஆம் திகதி, முந்திய நாள் வந்துபோன ஒரு பெண்ணுக்குத் தொற்று என்று தெரிந்ததும் ஷாங்காய்ப் பூங்காவின் வாசல்கள் அடைக்கப்பட்டன. உள்ளே இருந்த ஏறத்தாழ 34,000 பேரையும் பரிசோதித்த பிறகே வெளியே விட்டார்கள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இரவில் வரிசையில் நின்ற தாய்மாரை நினைத்துப் பாருங்கள்.

விளையாட்டு வேறொரு வழியைக் கண்டது. பார்வையாளரை வெளியே நிறுத்தி, ஆட்டக்காரரை உள்ளே அடைத்தார்கள். ஜெர்மனியின் உதைபந்தாட்டத் தொடர் 2020 மே 16இல் வெறும் இருக்கைகளுக்கு முன்னால் மீண்டும் தொடங்கியது. நமது லங்கா பிரீமியர் லீக் 2020 நவம்பர் 26 முதல் டிசம்பர் 16 வரை ஹம்பாந்தோட்டையில் அப்படித்தான் நடந்தது. யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணி கிண்ணத்தை வென்றது. யாழ் மத்திய கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்த் அந்த அணிக்காகப் பந்து வீசினார். வடக்கிலுள்ள பிள்ளைகள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பூரித்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கும் ஓராண்டு தள்ளிப்போய், 2021 ஜூலையில் பெரும்பாலும் பார்வையாளர் இன்றியே நடந்தது.

அந்தக் காவலும் முழுக் காவல் அல்ல. 2021 ஜூலையில் இந்திய அணி கொழும்பில் ஆடவிருந்தபோது நமது அணியின் பயிற்றுநர் ஒருவருக்குத் தொற்று கண்டு தொடர் சில நாட்கள் தள்ளிப்போனது. தொடரின் நடுவே இந்திய வீரர் ஒருவருக்கும் நோய் வந்தது. இந்தியாவில் ஐ.பி.எல். தொடர் அவ்வாண்டு மே 4இல் இடைநடுவே நிறுத்தப்பட்டது. பணமும் ஹோட்டலும் அன்றாடப் பரிசோதனையும் இருந்தும் இந்த நிலை.

எது முதலில்?

இப்போது நம் வீட்டுக் கேள்விக்கு வருவோம். 2021 ஏப்ரல் இறுதியில் நமது பாடசாலைகள் மறுபடி மூடப்பட்டன. 200 மாணவருக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகள் ஒக்டோபர் 21ஆம் திகதிதான் திறந்தன. ஏறத்தாழ ஆறு மாதம்! அதற்கு இடையில்தான் கொழும்பில் அந்தச் சர்வதேசக் கிரிக்கெட் நடந்தது. ஆட்டக்காரரின் உழைப்பையோ அவர்களை நம்பி வாழ்வோரின் பிழைப்பையோ நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கைத்தொலைபேசி ஒன்றே உள்ள வீட்டில் மூன்று பிள்ளைகள் பாடத்துக்காக முறைவைத்துக் காத்திருந்தார்களே, அந்த முறையில் கடைசியாக நின்றது யார்? பல வீடுகளில் பெண்பிள்ளைதான். தம்பியின் பாடம் முடியுமட்டும் அவள் அடுப்படியில் நின்றாள். பள்ளிக்கூடக் கதவு அடைந்து கிடந்ததன் நட்டம் அவள் தலையில்தான் அதிகமாக இறங்கியது.

மாறாக, ஹஜ்ஜை எண்ணிப் பாருங்கள். 2019இல் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் கூடிய இடத்தில் 2020இல் ஏறத்தாழ ஆயிரம் பேரே நின்றார்கள். 2021இல் 60,000 என்றும் 2022இல் பத்து இலட்சம் என்றும் வரம்பு வைக்கப்பட்டது. கடமையான வணக்கத்தையே உயிர்காக்கும் பொருட்டுப் படிப்படியாகத் திறந்தார்கள். 2020 ரமழானில் நாமும் தராவீஹை வீட்டில் தொழுதோம். வணக்கத்துக்கே நிதானம் வேண்டுமென்றால், கேளிக்கைக்கு எவ்வளவு நிதானம் வேண்டும்?

எனவே வரிசை இப்படி இருக்கட்டும் என்பேன். முதலில் பாடசாலை. அதனோடு சேர்த்துப் பிள்ளைகள் ஓடியாடும் திறந்த வெளி. பார்வையாளர் கூடும் பந்தயங்கள் அதன் பின். காசு கொடுத்துப் போகும் பூங்காக்கள் கடைசியில். திறந்தவெளியில் நோய் பரவுவது அடைத்த அறையை விட மிகக் குறைவு என்பதை இந்த ஆண்டுகளில் கற்றுக்கொண்டோம். ஆரம்பத்தில் கதவுக் கைபிடியைத் துடைப்பதில் காட்டிய அக்கறையை யன்னலைத் திறப்பதில் காட்டாமல் விட்டோம். காற்றோடும் கிராமத்து மைதானத்தில் நாலைந்து பிள்ளைகள் பந்தடிப்பதையும், அரங்கத்தில் ஆயிரம் பேர் கத்துவதையும் ஒரே சட்டத்தால் அளப்பது சரியல்ல.

தாய் கேட்க வேண்டியவை

அரசாங்கம் திறந்துவிட்டது என்பதற்காக நாமும் உடனே புறப்பட வேண்டியதில்லை. மூன்று கேள்விகளைக் கேளுங்கள். போகும் இடம் கூரை மூடியதா, காற்றோட்டம் உள்ளதா? அங்கே ஆறுதலாக நிற்பார்களா, நெருங்கி நின்று கத்துவார்களா? திரும்பி வரும்போது வீட்டில் காத்திருப்பவர் யார்? மூன்றாவது கேள்விதான் பெரியது. சீனி வருத்தமுள்ள மூத்தம்மா, நெஞ்சு வருத்தமுள்ள வாப்பா, பிள்ளைத்தாய்ச்சியான மகள், இவர்களெல்லாம் விளையாடப் போகாதவர்கள். ஆனால் விளையாடப் போனவன் கொண்டுவருவதை ஏற்க வேண்டியவர்கள்.

அதே நேரம், பயத்தால் பிள்ளையைச் சுவருக்குள்ளேயே வைத்திருப்பதும் பாதுகாப்பு ஆகாது. ஓடாத பிள்ளையின் உடலும் சோரும், மனமும் சோரும். தொற்றுக் காலத்திலும் அதிகாலையில் வளவுக்குள் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். பெண்பிள்ளையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மைதானம் திறந்த பின்னும் அவளுக்கு அது திறக்காத ஊர்கள் எத்தனையோ உண்டு. மறைவான வளவொன்றில் அவளும் பந்தடித்தால் மார்க்கத்துக்கு என்ன குறைந்துவிடும்?

இன்னொரு முறை இத்தகைய சோதனை வந்தால், எதை முதலில் திறப்பது என்று பேசும் இடங்களில் தாய்மாரின் குரலும் கேட்க வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும், மஹல்லாவிலும், சுகாதாரப் பரிசோதகரிடமும் இதை இப்போதே சொல்லி வையுங்கள். நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் உடல்நலத்தையும் கல்வியையும் ஒருசேரத் தந்தருள்வானாக!