விரித்த நாடி மீண்டும் குறுகுவது ஏன்?

இருதய நாடியில் அடைப்பு எனக் கண்டு, பலூன் செலுத்தி விரித்து, ஸ்டென்ட் எனப்படும் உலோக வலைக்குழாயையும் பொருத்தி வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருவர், சில மாதங்களின் பின்னர் அதே நெஞ்சு நோவுடன் வைத்தியசாலைக்குத் திரும்பி வருவது அபூர்வமான சம்பவமல்ல. அவ்வேளையில் குடும்பத்தினர் எழுப்பும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு. சிகிச்சை சரியாகச் செய்யப்படவில்லையா என்பது ஒன்று. இது எங்கள் பரம்பரையிலேயே உள்ள வியாதிதானோ என்பது மற்றையது. ஸ்டென்ட் முழுமையாக விரியாதுபோவது மீளக்குறுகலுக்கு ஒரு காரணம் என்பதால் முதற் கேள்வி நியாயமற்றதன்று. இரண்டாவது கேள்விக்கான விடைதான் பலரும் எண்ணியிருப்பதிலிருந்து வேறுபட்டது.

1977 செப்டெம்பர் 16ஆம் திகதி சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில், அந்திரேயாஸ் குருன்ட்சிக் என்ற ஜேர்மனிய வைத்தியர் 38 வயதான ஒருவரின் முடியுரு நாடியை முதன்முதலாகப் பலூன் கொண்டு விரித்தார். பத்து ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோதும் அந்நாடி திறந்தே இருந்தது. அவருக்குப் பின் வந்த எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. பலூன் மாத்திரமே பயன்படுத்தப்பட்ட அக்காலத்தில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கோ அதற்கும் அதிகமானோருக்கோ ஆறு மாதங்களுக்குள் நாடி மீண்டும் குறுகியது.

இதற்கான காரணம், நாடி ஒரு றப்பர் குழாயன்று, உயிருள்ள இழையம் என்பதே. பலூன் விரியும்போது நாடியின் மெல்லிய உட்படை உரிகின்றது, கொழுப்புப் படிவு பிளக்கின்றது, நடுப்படை இழுபடுகின்றது. சுருங்கக் கூறின், சிகிச்சையே ஒரு காயம். இழுபட்ட சுவர் உடனடியாகவே ஓரளவு பின்வாங்குகின்றது. பின்னர் வந்த மாதங்களில் ஆறும் தழும்பைப் போல நாடி முழுவதும் சுருங்குகின்றது. இவற்றுடன், நடுப்படையிலுள்ள மழமழப்பான தசைக் கலங்கள் பெருகி, உட்புறமாக நகர்ந்து, குருதி செல்லும் வழியை அடைக்கத் தொடங்குகின்றன. தோலில் ஏற்பட்ட வெட்டுக்காயம் ஆறியபின் சிலருக்கு மாத்திரம் தழும்பு தடித்து வளர்வதுண்டல்லவா? நாடியினுள் நிகழ்வதும் ஏறக்குறைய அதுவே. முன்பிருந்த கொழுப்பு அடைப்பு அப்படியே திரும்பி வந்துவிட்டது என்று எண்ணுவது தவறு. ஆண்டுகள் பல சென்றபின் ஸ்டென்ட்டினுள்ளேயே புதிதாகக் கொழுப்புப் படிவதும் உண்டென்பது வேறு விடயம்.

1986இல் பிரான்ஸின் துலூஸ் நகரில் ஜாக் புவெலும் சுவிற்சர்லாந்தின் லோசானில் உல்ரிச் சிக்வார்ட்டும் மனித முடியுரு நாடிகளில் ஸ்டென்ட் பொருத்தினர். நாடி சுருங்குவதை உலோகம் தடுத்தது. ஆனால் கலங்கள் பெருகுவதைத் தடுக்க அதனால் இயலவில்லை. அதற்கு வழிகாட்டியது, விந்தையாக, பசுபிக் சமுத்திரத்தின் ஈஸ்டர் தீவு மண். அம்மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்ட சிரோலிமஸ் என்ற மருந்து ஸ்டென்ட்டின் மீது பூசப்பட்டது. 238 நோயாளர்களிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில், சாதாரண ஸ்டென்ட் பெற்றோரில் 26.6 வீதமானோருக்கு நாடி மீளக் குறுகியிருக்க, மருந்து ஸ்டென்ட் பெற்றோரில் ஒருவருக்கேனும் அவ்வாறு நிகழவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று அன்று பலர் மகிழ்ந்தனர். அந்தப் பூச்சியம் நிலைக்கவில்லை. பரந்த பாவனையில் மீளக்குறுகல் வெகுவாகக் குறைந்ததே தவிர மறையவில்லை.

ஒரே சிகிச்சை, ஒரே ஸ்டென்ட், இரு நோயாளர்கள், இரு வேறு முடிவுகள். பரம்பரை அலகுகளை நோக்கி விஞ்ஞானிகளைத் திருப்பியது இந்த முரண்பாடுதான். குருதி அமுக்கத்துடன் தொடர்புடைய ஏ.சி.ஈ. என்ற நொதியத்தின் பரம்பரை அலகு 1990களில் முதற் சந்தேகநபரானது. அதன் குறிப்பிட்ட வடிவத்தைக் கொண்டோருக்கு மீளக்குறுகல் அதிகம் எனச் சிறிய ஆய்வுகள் கூறின. அப்படியாயின் அந்நொதியத்தைத் தடுக்கும் மாத்திரை பயனளிக்க வேண்டுமே? அவ்வடிவம் கொண்ட நோயாளர்களுக்கே அம்மாத்திரையை வழங்கிப் பார்த்த பிரெஞ்சு ஆய்வு 2001இல் வெளியானது. மாத்திரை பெற்றோரின் நாடிகளே கூடுதலாகக் குறுகியிருந்தன! பெரிய ஆய்வுகளும் பழைய தொடர்பை உறுதிப்படுத்தவில்லை.

நெதர்லாந்தில் 3,000இற்கும் மேற்பட்ட நோயாளர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு இதனிலும் நம்பகமான தடயமொன்றைத் தந்தது. கலப்பிரிவுக்குத் தடைபோடும் பி27 என்ற புரதத்தை அதிகமாக உற்பத்தி செய்யும் பரம்பரை வடிவம் கொண்டோருக்கு மீளக்குறுகல் குறைவு என 2009இல் அது தெரிவித்தது. சிரோலிமஸும் இதே புரதத்தின் அளவைப் பேணியே கலங்களைக் கட்டுப்படுத்துகின்றது என்பது கவனிக்கத்தக்கது. மறுபுறம், முடியுரு நாடி நோய்க்கான ஆபத்தை அதிகரிப்பதாக 2007இல் இனங்காணப்பட்ட 9ஆம் நிறமூர்த்தத்தின் பகுதிக்கும், மருந்து ஸ்டென்ட்டின் பின்னான மீளக்குறுகலுக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆகவே, தந்தைக்கு மாரடைப்பு வந்ததால்தான் மகனின் ஸ்டென்ட் அடைபட்டது என்று முடிவுகட்ட ஆதாரமில்லை. எவருக்கு நாடி மீளக் குறுகும் என முன்கூட்டியே உரைக்கும் பரம்பரைப் பரிசோதனையும் நடைமுறையில் இல்லை. நீரிழிவு, நாடியின் சிறிய விட்டம், அடைப்பின் நீளம் ஆகியனவே இன்றும் வைத்தியருக்கு அதிகம் கூறுகின்றன.

பரம்பரை உண்மையிலேயே முக்கியம் பெறும் இடம் வேறொன்று. மெதுவாக நிகழும் மீளக்குறுகல் ஒருபுறமிருக்க, ஸ்டென்ட்டினுள் திடீரெனக் குருதி உறைந்து மாரடைப்பு ஏற்படும் ஆபத்தும் உண்டு. அதனைத் தடுக்க அஸ்பிரினுடன் எமது நாட்டிலும் பரவலாக வழங்கப்படும் குளோபிடோகிரெல், ஈரலிலுள்ள ஒரு நொதியத்தினால் மாற்றப்பட்ட பின்னரே செயற்படுகின்றது. அந்நொதியம் நலிந்தோருக்கு அதன் பயன் குறையலாம் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிருவாகம் 2010இல் எச்சரித்தது. பிரித்தானியாவில் வாழும் பங்களாதேஷ், பாகிஸ்தான் வம்சாவளியினரிடையே நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வில், 57 வீதமானோர் அத்தகைய பரம்பரை வடிவம் ஒன்றையேனும் கொண்டிருந்தனர். தெற்காசியரான எமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. இதனை வாசித்துவிட்டு எவரும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடலாகாது. அவ்வாறு நிறுத்துவதே உறைகட்டிக்கு வழிதிறப்பதாகும். மாற்று மருந்துகள் உள்ளன. அவற்றைத் தெரிவுசெய்ய வேண்டியவர் வைத்தியரே.

மீளக் குறுகிய நாடிக்கும் வழியில்லாமலில்லை. மருந்து பூசிய பலூன் ஐரோப்பாவில் பல ஆண்டுகளாகப் பாவனையிலுள்ளது. அமெரிக்காவில் இத்தகைய நோயாளர்களுக்கென அதற்கு 2024 மார்ச்சில் அங்கீகாரம் கிடைத்தது. பல நாடிகளில் அடைப்புள்ள நீரிழிவு நோயாளர்களுக்கோ, ஸ்டென்ட்டைவிடப் பைபாஸ் சத்திரசிகிச்சையே மேலானது என 1,900 பேரைக் கொண்ட ஆய்வொன்று 2012இல் காட்டியது. முதலாவது ஸ்டென்ட் பொருத்தப்படுவதற்கு முன்னரே அவர்கள் வைத்தியருடன் பேசவேண்டிய விடயம் இது.