மன்மதன் ஏறிய யானை

போனில் நீங்கள் காட்டிய, ஐரோப்பிய ஓவியர் ரூபன்ஸின் ஓவியத்துக்கு வருகிறேன், தம்பி. டீ சூடாக இருக்கிறது, மெல்லக் குடியுங்கள். அதற்குள் ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைப் புரிந்துகொண்டால் இந்த ஓவியம் தானாகப் புரியும்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ராமநாதபுரத்து மன்னர் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டிய சுவர்கள் அவை. கீழ்மண்டபத்தில் தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், ஐரோப்பியரை வரவேற்கும் சேதுபதி, ராஜராஜேஸ்வரி தேவியிடம் செங்கோல் வாங்கும் சேதுபதி, ராமாயணக் காட்சிகள். மாடி ஏறினால் பாட்டும் நடனமும், அந்தப்புரப் பெண்கள் நடுவே மன்னரும். பெண்களின் உடல்களையே பின்னி யானையும் குதிரையும் ஆக்கி, மேலே மன்மதனையும் ரதியையும் ஏற்றிப் பூங்கணை தொடுக்க வைத்திருக்கிறார் ஓவியர்.

"ராஜா உல்லாசம்" என்று சொல்லிவிட்டுப் பலர் இறங்கிப் போகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். மேலே பெண்கள் சூழ இருப்பவரும் கீழே செங்கோல் வாங்குபவரும் ஒரே ஆள்தானே! போரில் வெல்வதைப் போல, தேவியின் அருளைப் பெறுவதைப் போல, இன்பம் துய்ப்பதும் அந்தக் காலத்து அரசருக்கு ஒரு தகுதி. அந்த யானையைப் பாருங்கள். போருக்கு ஏறிப் போகும் யானைதான், வில்லும் வில்தான். அம்பு மட்டும் பூவாகிவிட்டது. காமத்தையும் ஒரு வெற்றியாகவே எழுதியிருக்கிறார்கள்.

நம் திண்டுக்கல் பக்கமே இதற்குச் சான்று உண்டு. நிலக்கோட்டைப் பாளையக்காரர் கூளப்ப நாயக்கர்மேல் சுப்ரதீபக் கவிராயர் விறலிவிடு தூது என்ற சிற்றிலக்கியம் ஒன்று பாடினார். தாசியிடம் பொருளையெல்லாம் தொலைத்தவன் கதை அது. அவனுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிடுபவர் யார்? நாயக்கர்தான். சிற்றின்பத்தில் கிளம்பிய பாட்டு வள்ளலின் புகழில் போய்ச் சேர்கிறது.

இனி ரூபன்ஸ். இந்தக் 'காதல் தோட்டம்' 1630களில் தீட்டியது. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1630இல், 53 வயதில், ரூபன்ஸ் 16 வயது ஹெலனாவை மணந்தார். அதை நினைவில் வைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள். பட்டுடுத்திய ஜோடிகள், வீனஸ் சிலை வைத்த நீரூற்று, பறக்கும் மன்மதக் குழந்தைகள் என்று பார்த்தவுடன் களியாட்டமாகத்தான் தெரியும். குழந்தைகள் கையில் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்றிடம் ஜோடிப் புறா, இன்னொன்றிடம் நுகத்தடி. நுகத்தடி கல்யாணத்தின் அடையாளம். ஓரத்தில் நிற்கும் மயில், திருமணத்தைக் காக்கும் ஜூனோவின் பறவை. அங்கே இன்பம் இல்லறத்துக்குப் போகிறது. சேதுபதி மாடியில் அரசாட்சிக்கு.

ஒன்று மட்டும் என் மனசுக்கு ஒப்பவில்லை. யானையாய் வளைந்து மன்மதனைச் சுமக்கும் அந்தப் பெண்கள் யாரென்று எந்தச் சுவரும் பேசவில்லை. ஓவியரின் கைத்திறனை வியக்கும்போதே அது உறுத்துகிறது.

நீங்கள் போனால் நேரே மாடி ஏறாதீர்கள். கீழ்மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி, செங்கோல் காட்சியைப் பார்த்த பிறகு ஏறுங்கள்.