ரீசீட் வேற, ரீசெட் வேற!



ஆங்கிலத்தில் 'சீட்' என்றால் இருக்கை. பஸ்ஸில் ஏறியதும் நாம் முதலில் தேடுவது அதைத்தானே! 'ரீ' என்பது ஒரு சொல்லுக்கு முன்னால் வந்தால் 'மறுபடியும்' என்று பொருள் தரும். போனுக்கு ரீசார்ஜ், கேஸுக்கு ரீபில் எல்லாம் அப்படி வந்ததுதான். இரண்டையும் சேர்த்தால் 'ரீசீட்'. அதாவது மறுபடியும் உட்கார வைப்பது.

இந்தச் சொல்லை மூன்று விதமாகப் பயன்படுத்துகிறார்கள்.

1. ஆட்களுக்கு: பரீட்சை அறையில் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை ஆசிரியர் எழுப்பி வேறு இடத்தில் உட்கார வைத்தால், அது ரீசீட்.

2. நாற்காலிக்கு: பிரம்பு நாற்காலியில் உட்காரும் பகுதி பிய்ந்து போனால் அதைப் புதிதாகப் பின்னுவதும் ரீசீட்தான்.

3. பொருளுக்கு: சரியாகப் பொருந்தாத ஒன்றை எடுத்து, அதன் இடத்தில் திரும்பச் சரியாகப் பொருத்துவது. குக்கரில் ஆவி பக்கவாட்டில் வந்தால் என்ன செய்கிறோம்? அடுப்பை அணைத்து, ஆவி முழுக்க அடங்கிய பிறகு மூடியைத் திறந்து, கேஸ்கட்டை எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டுகிறோம். வேலை பழசு, பெயர்தான் புதுசு!

சரி, இது நமக்கு எதுக்கு என்று கேட்கிறீர்களா? இதே மாதிரி ஒலிக்கும் இன்னொரு சொல் இருக்கு: 'ரீசெட்'. ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டுக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். ரீசீட்டில் 'டி'க்கு முன்னால் ஒரு 'ஏ' கூடுதலாக வரும். ஆனால் வேலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

போனில் சிக்னல் வரவில்லை என்றால் "சிம்மை ரீசீட் பண்ணுங்க" என்பார்கள். போனை அணைத்து, சிம்மை வெளியே எடுத்து, திரும்பச் சரியாக வைத்தால் போதும். எதுவும் அழியாது.

'பேக்டரி ரீசெட்' அப்படி இல்லை. போனைக் கடையில் வாங்கியபோது இருந்த நிலைக்கே கொண்டு போய்விடும். வேறு எங்கும் எடுத்து வைக்காத போட்டோ, போன் நம்பர், கணக்கு விவரம் எல்லாம் போய்விடும். ஊக்குநர் போனில் குழுவின் சேமிப்பு, கடன் தவணை விவரம் இருந்தால் யோசித்துப் பாருங்க!

எப்படிக் கண்டுபிடிப்பது? ரீசீட் என்பது கையால் கழற்றி மாட்டும் வேலை. ரீசெட் என்பது பெரும்பாலும் பட்டனை அழுத்தும் வேலை. போன் திரையில் ஏதாவது தொடச் சொன்னால் உடனே தொடாதீங்க. "கழற்றி மாட்டணுமா, அழிக்கணுமா?" என்று தமிழிலேயே கேளுங்க. கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

போனில் கணக்கு இருந்தாலும் நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வையுங்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எல்லா உறுப்பினர்களுக்கும் சொல்லுங்கள்.