ஒரு குடம் வெந்நீர்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியிலே இறம்பொடையை அடைந்தவர்கள் வண்டியை நிறுத்தி இறங்காமற் போவதில்லை. 109 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் அருவி ஒருபுறம்; பள்ளத்தாக்கை நிறைத்துக் கிடக்கும் கொத்மலை நீர்த்தேக்கம் மறுபுறம்; மலைச்சரிவெங்கும் கசிந்து, சிற்றோடையாய்ப் பெருகி, தேயிலைச் செடிகளினூடே சலசலத்தோடும் நீர். தண்ணீர் மலிந்த ஊர் இது. ஆயினும் இவ்வூரிலும் இதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வெந்நீர் என்பது இன்னும் அரும்பொருளாகவே இருந்து வருகின்றது. அதனைப் பற்றியே ஈண்டுச் சில கூறக் கருதினேன்.

வெம்மை என்னும் பண்புப்பெயர் நீர் என்னும் சொல்லோடு புணருங்கால் ஈறு கெட்டு, மகரம் நகரமாகத் திரிந்து வெந்நீர் என நிற்கும். மாணவர் பலர் இதனை ‘வென்னீர்’ என எழுதுகின்றனர். சிவப்பு மையால் திருத்துவது எம்மனோர் கடமை. ஆனால் அச்சொல்லைப் பிழையற எழுதக் கற்ற மாணவியின் வீட்டில் அந்நீர் எத்துணைப் பாட்டில், எத்துணை விறகில் ஆகின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

தோட்டத்து மக்கள் நெடுங்காலமாகக் குளித்து வந்தது பீலியில். இலக்கியத்திலே பீலி மயிற்றோகையைக் குறிக்கும். மலையகத்திலோ ஊற்றுநீர் வந்து விழும் வாயைக் குறிக்கும். உடல்வலி உடையோர் அந்நீரில் நனைந்து நடுங்கிக்கொண்டே வீடு சேர்வர். பச்சிளங் குழந்தைக்கும், பிள்ளை பெற்றவளுக்கும், காய்ச்சற்காரருக்கும், முதியோருக்கும் அது ஆகாது. அவர்களுக்கு வெந்நீர் வேண்டும். அதனைக் காய்ச்சுபவள் யார்? பகலெல்லாம் கொழுந்து பறிக்கும் பெண்ணே. விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தஞ் செய்து, காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவள் போலப் பிரட்டுக் களத்துக்கு ஓடுகின்றாள். (இம்மரபுத்தொடரை முதலில் வழங்கியவன் மலைநாட்டான் அல்லன் போலும். காலில் ஊற்றிக்கொள்ளும் அளவுக்கு இங்கே வெந்நீர் ஏது?) மாலையிற் கொழுந்து நிறுத்துத் திரும்புங்கால் தலையில் ஒரு கட்டு விறகும் உடன்வரும்.

அவ்விறகிற் பெரும்பகுதி மிலாறு. தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டிக் குறுக்குவதைக் கவ்வாத்து என்பர். வெட்டுண்ட கொம்புகளே மிலாறு. கவ்வாத்துக் காலத்தில் அது தாராளமாகக் கிடைக்கும். ஏனைய காலங்களில் யூக்கலிப்டஸ் சுள்ளி, சவுக்கு, மழையில் நனைந்த கட்டை, எது அகப்பட்டதோ அது.

ஈண்டு ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பள்ளி மாணவரும் இதனைப் போடலாம். ஒரு வாளித் தண்ணீர் 20 லீற்றர் என்க. அதனை 18 பாகையிலிருந்து குளிக்கத் தகும் 40 பாகைக்கு உயர்த்த 440 கிலோகலோரி வெப்பம் வேண்டும். நன்றாய் உலர்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 3,600 கிலோகலோரி தரும். ஆகவே 120 கிராம் விறகு, அதாவது ஒரு கைப்பிடிச் சுள்ளி, போதுமானது. ஆனால் மூன்று கல் கூட்டிய அடுப்பில் எரியும் வெப்பத்திற் பத்தில் ஒரு பங்கோ அதனினும் சற்று மிகுதியோதான் பாத்திரத்தைச் சேர்கின்றது. எஞ்சியது காற்றோடும் புகையோடும் போய்விடுகின்றது. கைப்பிடியிற் முடியவேண்டிய வேலைக்கு ஒரு கிலோ விறகு செலவாகும் விதம் இதுவே. விறகு ஈரமாயின் நட்டம் இன்னும் பெரிது. ஒரு கிலோ நீரை 20 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொணர 80 கிலோகலோரி போதும். கொதித்த அந்நீரை ஆவியாக்குதற்கோ 540 வேண்டும். ஈரவிறகு முதலிற் தன் உடம்பிலுள்ள நீரை ஆவியாக்கிய பின்னரே பிறர் நீரைச் சுடவைக்கும்.

புகையைப் பற்றி நீட்டி எழுத வேண்டுவதில்லை. வீட்டடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. எமக்கு அது பெருந்தொகையாகத் தோன்றுவதில்லை. திருத்துவதற்குக் கொண்டுவந்த அப்பியாசக் கொப்பிகளை விரிக்கும்போது எழும் மிலாற்றுப் புகை மணமே நெஞ்சை உறுத்தும்.

“மின்சாரம் வந்துவிட்டதே, அடுப்பு எதற்கு?” என்பர் நகரத்தார். நல்ல வினா. அருவிநீரை வாங்கும் கொத்மலை அணை 1985இற் கட்டி முடிந்தது. அதன் மின்னிலையம் 201 மெகாவாற்று வலுவுடையது. தலவாக்கலைப் பக்கம் 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நிலையம் 150 மெகாவாற்று. இத்துணை மின்சாரம் பிறக்கும் பள்ளத்தாக்கில் வாழ்வோர் மிலாறு சுமப்பது முரணே. ஆயினும் மேற்சொன்ன வாளிக் கணக்கை மின்சாரத்துக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு வாளிக்கு அரை அலகு; நால்வர் நாடோறும் குளித்தால் இரண்டு அலகு; மாதம் 60 அலகு. விளக்கும் தொலைக்காட்சியும் மட்டும் வைத்துக் குறைந்த கட்டணப் படியில் நிற்கும் குடும்பம், வெந்நீர் ஒன்றினாலேயே மேற்படிக்குத் தள்ளப்படும். 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் மின்கட்டணம் பெருமளவு உயர்ந்தது. அதே ஆண்டில் எரிவாயுச் சிலிண்டருக்கு மக்கள் வரிசையில் நின்றதையும், நகரத்தாரே விறகைத் தேடியதையும் எவரும் மறந்திரார். காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்து நீருக்கு ஊட்டும் வெப்பவிசைக் கருவிகள் இப்போது உள. ஓரலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்றலகு வெப்பந் தருவன அவை. விடுதிகளுக்கு அவை ஏற்றவை. நாட்சம்பளக்காரர் அதன் விலையை எட்ட இயலாது.

இனிக் கதிரவன். வெயிலால் நீர் சுடவைக்கும் கலை புதிதன்று. அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரத்துக் கிளாரன்ஸ் கெம்ப் என்பார் 1891இலேயே அத்தகைய கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1909இல் வில்லியம் பெய்லி என்பார் வெயில் வாங்கும் பகுதியைத் தாழவும், வெப்பங்காக்கும் தொட்டியை உயரவும் வைத்தார். சூடேறிய நீர் பாரங்குறைந்து தானே மேலேறும், குளிர்நீர் தானே கீழிறங்கும், விசைப்பம்பி வேண்டாம். இஸ்ரவேல் நாடு 1980இற் புதிய வீடுகளுக்கு இதனைச் சட்டமாக்கியது. எம்மைப் போலவே குளிர்ந்த மேட்டுநிலமாகிய பெங்களூரில், 2007 முதல் குறித்த பரப்புக்கு மேற்பட்ட புதிய வீடுகளுக்கு இது கட்டாயமாயிற்று. அந்நகரின் கூரைகளில் இக்கருவிகளை வரிசை வரிசையாகக் காணலாம்.

இறம்பொடையில் மூடுபனி உண்டே எனின், உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் பல நாள்கள் வெயில் முகங்காட்டாது. ஆயினும் வெற்றிடக் கண்ணாடிக் குழாய் கொண்ட கருவிகள் மங்கிய ஒளியிலும் ஓரளவு வெப்பந் திரட்டும். கொதிக்காவிடினும் தண்மை போகும். மிகுதியை அடுப்புச் செய்துகொள்ளலாம். ஆகவே உண்மைத் தடை பனியன்று, கூரையே.

லயத்தின் கூரை யாருடையது? தோட்டத்தினுடையது. 1970களில் அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம் 1992இற் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்விரு மாற்றத்திலும் லயத்தில் வாழ்வோர் தம் தகரத்துக்கு உரியவர் ஆகவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் மூன்று தலைமுறையாய் வாழ்ந்த குடும்பம், தன் தலைக்கு மேல் ஓர் ஆணி அடிப்பதற்கும் பிறர் இசைவை நாடவேண்டும். நாளை வேலை நின்றால் வீடு என்னாகும் என்றஞ்சுபவன் பிறர் கூரையிற் தன் பணத்தை ஏற்றிவைப்பானா? வெந்நீர்ச் சிக்கனம் பற்றிப் பேசும் அறிஞர் கருவியின் திறனைப் பற்றியே பேசுகின்றனர். கூரையுரிமையைப் பற்றி அவர்கள் பேசாமை எனக்கு வியப்பாகவே உள்ளது.

கூரை இல்லாதவர்க்கு எஞ்சுவது அடுப்பு. இங்கேதான் எமது பழஞ்சொல் ஒன்று துணைக்கு வருகின்றது. கொடியடுப்பு என்பது அச்சொல். பேரடுப்பினின்று கொடிபோற் கிளைக்கும் சிற்றடுப்பு அது. தாயடுப்பிற் சோறு வேகும். அதினின்று ஒதுங்கும் அனல் கொடியடுப்பின் மேலுள்ள பாத்திரத்தை மெல்லச் சூடாக்கும். அதற்கெனத் தனி விறகு இல்லை. தமிழகத்து ஊர்களில் வெந்நீருக்கும் பாலுக்கும் அதுவே இடம். கடல் கடந்து வந்தோர் அவ்வறிவையும் கொணர்ந்திருப்பர். லயத்து இஸ்தோப்பின் ஒடுக்கத்தில் அதற்கு இடம் வாய்க்கவில்லை போலும் என்பது என் ஊகம்.

அதே நெறியை இலங்கையிற் புதிதாய் ஆக்கினர். 1970களின் இறுதியிற் சர்வோதய இயக்கம் விறகைச் சிக்கனஞ் செய்யும் மண்ணடுப்பு ஒன்றைப் பரப்பியது. 1980களின் நடுப்பகுதியில் இலங்கை மின்சார சபையும் இடைநிலைத் தொழினுட்ப அபிவிருத்திக் குழுவும் கொண்ட முயற்சியால் ‘அனகி’ அடுப்புப் பிறந்தது. சிங்களத்தில் அனகி என்பது விலைமதிப்பற்றது எனப் பொருள்படும்; ‘அனர்க்கம்’ என்னும் வடசொல் நினைவுக்கு வரும். குயவர் வனைந்து சூளையிற் சுட்ட ஒரே துண்டு. விறகிட ஒரு வாய். பாத்திரம் வைக்க இரு குழி. முன்குழியின் கீழ் நெருப்பு. அதன் சுவாலை உள்வழியாகச் சரிந்தேறிப் பின்குழியைத் தொடும். மூன்று கல் அடுப்பை நோக்க மூன்றில் ஒரு பங்குவரை விறகு மிஞ்சும் என்பர். சுற்றிலும் மண் பூசி மெழுகினால் நெடுநாள் நிற்கும். சோறும் கறியும் முன்னே வேக, பின்னே ஒரு குடம் நீர் தானே சூடேறும்.

ஆயினும் தோட்டத்திற் சிலர் இதனை வாங்கி இரண்டு வாரத்தில் ஒதுக்கிவைத்தனர். அறியாமை என்று கூறி அவர்களை ஒதுக்குதல் எளிது. காரணம் கேட்டால் நியாயம் விளங்கும். நீண்ட மிலாற்றை அப்படியே தள்ளித் தள்ளி எரித்துப் பழகியவர்க்கு, சிறிய வாய்க்கென அதனைத் துண்டு துண்டாய் வெட்டுவது புதுவேலை. மேலும், மார்கழி தை மாதங்களிற் திறந்த நெருப்பைச் சூழ்ந்து குந்தியிருந்து குளிர்காய்வதும், ஈரத்துணி உலர்த்துவதும், நெருப்பின் மேலே பரணில் நாளைய விறகை வாட்டுவதும் அவ்வடுப்பாலேயே நடப்பன. பொறியியலார் வீண் என எழுதும் வெப்பத்தில் ஒரு பகுதி குளிர்நாட்டு வீட்டாருக்கு வீண் அன்று. வெப்பமான தாழ்நிலத்தை மனத்திற்கொண்டு செய்த கணக்கை மலைக்கு அப்படியே ஏற்றுதல் பொருந்தாது. அனகிக்குப் புகைபோக்கியும் இல்லை. புகை குறையுமேயன்றி நீங்காது. இவற்றை மறைத்து அடுப்பை மட்டும் புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை.

புதிய வீடுகள் எழும் இக்காலமே இவற்றை எண்ணுதற்கு உரியது. இந்திய உதவியோடு தோட்டப்புறங்களில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் தொடங்கப்பெற்றது. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச்சஸ் நிலம், 550 சதுர அடி வீடு, தனி அடுக்களை. கூரை குடியிருப்போனுடையது ஆகும் நிலை இங்கேதான் பிறக்கின்றது. வரைபடம் கீறும்போதே அடுக்களைச் சுவரோரம் இருகுழி அடுப்புக்கு மேடையும் அதற்கு மேல் புகைபோக்கியும் விறகுப் பரணும் வைத்தல் கூடும். குளியலறையை அச்சுவரின் மறுபுறம் அமைத்தால் வெந்நீர்க் குடத்தைச் சுமந்து வீட்டைச் சுற்றவேண்டியதில்லை. பிற்பகலில் முகில் கவியும் மலையாதலின், காலை வெயில் விழும் கூரைச்சரிவை ஒழித்துவைத்து, அதுவரை ஒரு குழாயும் கொண்டுபோய் மூடிவைக்கலாம். இன்று பணமில்லாதவன் ஐந்தாண்டின் பின் கருவியைப் பொருத்துவான். கட்டியபின் சுவரை இடிப்பதிலும் இது மலிவு.

லயத்திலேயே இன்னும் வாழும் மூதாட்டி ஒருவரின் அடுப்பை அண்மையிற் பார்த்தேன். அனகியே; மண்பூசி மெழுகியிருந்தார். பின்குழியில் கரியேறிய அலுமினியக் குண்டான்.

“அதுல தண்ணி எப்பவும் கெடக்கும், வாத்தியாரய்யா. பேத்தியக் குளிப்பாட்டத் தனியா அடுப்பு எரிக்கிறதில்ல” என்றார்.

குளிர் காய்வதற்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். சமையல் முடிந்ததும் தணலை வாரிப் பழைய இரும்புச் சட்டியில் இட்டு நடுவிலே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அடுப்பைக் கம்பளையில் வாங்கி, பஸ்ஸிலே மடியில் வைத்துக் கொண்டுவந்தாராம். ஏறும்போது கம்பியில் இடித்து விளிம்பில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. அதனைப் புற்றுமண்ணும் சாணமும் குழைத்து அடைத்திருக்கின்றார். இன்னொன்று வாங்குவதாயின் மறுபடியும் கம்பளைக்கே போகவேண்டும் என்றார்.