எழுபது வயதுக் கையும் எழுநூறு கிராம் இரும்பும்

போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கூடினால் ஆட்டுக்கும் மாட்டுக்கும் ரொக்கம் கைமாறும். பர்கூர்ப் பக்கம் கிரானைட், கிருஷ்ணகிரியைச் சுற்றி மாங்காய் மண்டி. பணத்தோடு இருட்டில் தோப்பு வீட்டுக்குத் திரும்பும் பெரியவர் ஒருவர், உரிமம் பெற்றுக் கைத்துப்பாக்கி வாங்க நினைத்தால் விலையைப் பேசுவோம், மாடலைப் பேசுவோம். அவருடைய கையைப் பற்றிப் பேசுவதில்லை. முதலில் பேச வேண்டியது அதைத்தான்.

வயதாக ஆகப் பலருக்கும் கட்டைவிரலின் அடிமூட்டு தேய்கிறது. பாட்டில் மூடியைத் திறக்கவே வலிக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு, மடக்கிய விரல் நிமிராமல் சிக்கிக்கொள்ளும் தொல்லை அதிகம். மருத்துவத்தில் அதற்குப் பெயரே ‘டிரிகர் ஃபிங்கர்’. மணிக்கட்டில் நரம்பு அழுந்தினால் விரல் நுனி மரத்துப்போகும். டிரிகர்மேல் விரல் இருப்பதை உணராத கை, சுற்றி நிற்பவர்களுக்கெல்லாம் ஆபத்து.

துப்பாக்கியில் 9 மி.மீ. ரகம் இந்தியாவில் பொதுமக்களுக்குக் கிடையாது. அதனால் தேர்வு பெரும்பாலும் .32 ரகத்துக்குள்தான். ‘அஷானி’ போன்ற பிஸ்டலில் முதல் தோட்டா ஏற, மேலே உள்ள ஸ்லைடைப் பின்னால் இழுக்க வேண்டும். உள்ளிருக்கும் ஸ்பிரிங் விறைப்பானது. இரண்டு விரலால் கிள்ளி இழுக்காமல், உள்ளங்கையை ஸ்லைடின்மேல் கவித்துப் பிடித்து, துப்பாக்கி பிடித்த கையை முன்னே தள்ளினால் தோளின் வலு துணைக்கு வரும். அப்படியும் முடியாதவருக்குப் பிஸ்டல் வேண்டாம்.

ரிவால்வரில் ஸ்லைடு இல்லை. ஆனால் ஒரே இழுப்பில் ஹேமரைத் தூக்கி உருளையையும் சுழற்ற வேண்டியிருப்பதால் டிரிகர் கனக்கும். 2023-ல் கான்பூரிலிருந்து வந்த ‘பிரபல்’, உருளை பக்கவாட்டில் திறக்கும் வகை. எடை 700 கிராம். 2014-ல் வந்த ‘நிர்பீக்’ 500 கிராம்தான். இலேசானதே நல்லது என்று தோன்றும். ஆனால் தோட்டா ஒரே ரகமாக இருந்து துப்பாக்கி இலேசானால் உதைப்பு கூடும். அந்த உதைப்பு வலிக்கிற மூட்டில்தான் போய் இறங்கும்.

ஆகவே, மூட்டு விறைத்திருக்கும் காலை நேரத்தில் கடைக்குப் போங்கள். தோட்டா இல்லை என்பதைக் கடைக்காரரோடு சேர்ந்து உறுதி செய்துகொண்டு, குழலைப் பாதுகாப்பான பக்கம் நீட்டி, அவர் அனுமதியோடு டிரிகரைப் பத்து முறை இழுங்கள். பத்தாவது இழுப்பில் முனை ஆடுகிறதா? டம்மித் தோட்டாவை நீங்களே போட்டு, நீங்களே எடுக்க முடிகிறதா? இல்லையென்றால் அது உங்களுக்கான துப்பாக்கி அல்ல.

கர்நாடக எல்லையோரம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. உரிமத்தில் தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால், அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூருக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோவது குற்றம்.

முதுமையைச் சட்டமும் எண்ணிப் பார்த்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, உரிமதாரருக்கு 70 வயதானாலோ, 25 ஆண்டுகள் துப்பாக்கி வைத்திருந்தாலோ, தகுதியுள்ள வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டு அந்தத் துப்பாக்கியைப் பெற்றுக்கொள்ள வழி உண்டு. காடு கழனியை உரிய காலத்தில் பிள்ளைகளிடம் விடுவதை இந்த ஊர் என்றும் தோல்வியாக நினைத்ததில்லை. கை தளர்ந்தபின் துப்பாக்கியை விடுவதும் அப்படித்தான்.