போர்மறவன் ஆவியும் காதலியின் வாக்கும்

1. தோற்றுவாய்

போரில் மாய்ந்த மறவன் ஒருவன் ஆவியாய் மீண்டு தன் காதலியிடம் வருகின்றான். உயிரோடிருக்கும் அவளும் அவனோடு உரையாடுகின்றாள். இக்கதைக்கூறு உலக இலக்கியங்கள் பலவற்றிற் பயின்று வருவது. இக்காலப் புதினங்களிலும் திரைப்படங்களிலும் இது மிகுதியும் வழங்குதலின், வெறும் பொழுதுபோக்குக் கதை என்று இதனைக் கற்றோர் ஒதுக்குதல் உண்டு. அவ்வாறு ஒதுக்குதல் தகாது என்பது என் கருத்து.

இக்கதைகளைப் படிப்பார்க்கு முதற்கண் எழும் வினா, ஆவி உண்டோ இல்லையோ என்பது. கதைகளோ அவ்வினாவைப் பொருட்படுத்துவதில்லை. இறந்தவனுக்குக் கொடுத்த வாக்கு உயிரோடிருப்பவளை எத்துணைக் காலம் பிணிக்கும்? அப்பிணிப்பை அவிழ்க்கும் உரிமை யாருக்கு உண்டு? இவ்விரு வினாக்களே அவற்றின் உயிர்நிலை. போர்தோறும் இவ்வினாக்களுக்கு விடை தேடும் நிலைக்கு ஆளாகும் மகளிர் பல்லாயிரவர் ஆதலின், கதை கற்பனையே ஆயினும் அதன் பொருள் கற்பனை அன்று.

பேய் என்னும் சொல்லினும் ஆவி என்னும் சொல்லே ஈண்டுப் பொருந்துவது. நம் நூல்களிற் போர்க்களத்துப் பேய்கள் நிணமுண்டு ஆடும் கூட்டமாகக் காட்டப்பெறும். அவற்றிற்குத் தனிவாழ்வு இல்லை. ஈண்டு ஆராயப்படுவனவற்றிற்கோ பெயர் உண்டு, நினைவு உண்டு, பிரிந்த உறவும் உண்டு.

2. கிரேக்க மரபு

இக்கதையின் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்று திராய்ப் போரைச் சார்ந்தது. கிரேக்கப் படையினருள் முதற்கண் கரையிற் குதித்து முதற்கண் மாய்ந்தவன் புரோத்திசிலாசு. ஓமரின் இலியது இரண்டாம் காண்டம், கன்னம் கிழியப் புலம்பும் அவன் மனைவியையும், பாதி கட்டிய அவன் வீட்டையும் குறித்துச் செல்கின்றது. ஆவி மீண்ட செய்தி அங்கு இல்லை. பிற்கால மரபே அதனை விரித்துரைக்கின்றது. அவன் மனைவி லாவோதாமியா கணவனோடு மூன்று நாழிகை பேச வரம் வேண்டினாள் என்றும், எர்மீசு என்னும் தெய்வம் அவனை அழைத்து வந்தது என்றும், அவன் மீளவும் இறந்தபோது அத்துயரை அவள் தாங்கிலள் என்றும் இலத்தீன் மொழியில் ஐகைனசு என்பார் பெயரால் வழங்கும் கதைத்தொகை கூறும்.

இங்கே ஆவி தானாக வரவில்லை; அவள் வேண்டுதலே அதனை வருவித்தது. இறந்தவன் போக வேண்டியவன். இருப்பவள் விட மறுப்பவள். அவள் குற்றம் உடையளோ? ஆங்கிலப் புலவர் வேர்ட்சுவர்த்து 1815-இல் வெளியிட்ட 'லாவோதாமியா' என்னும் பாட்டில், அறிவின் எல்லை கடந்து அன்பு செய்தாளேனும் குற்றமிலள் என்று இரக்கத்தோடு தீர்ப்பளித்தார். 1827-ஆம் ஆண்டுப் பதிப்பிலோ அத்தீர்ப்பை மாற்றினார்; குற்றமுடையாள் என்றும், இன்புறும் ஆவிகளினின்று பிரிந்து உழல்க என்றும் எழுதினார். பன்னீரியாண்டில் ஒரு புலவரே தம் கதைத்தலைவிக்கு இருவேறு தீர்ப்பு வழங்கினார். கணவனை இழந்தாள் ஒருத்தியின் துயர்க்கு அளவு எது என்பது எளிதில் முடியும் வழக்கு அன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

3. செருமானிய லெனோர்

ஐரோப்பாவில் இக்கதைக்குப் புதுவாழ்வு அளித்தவர் கோட்ஃபிரீட் ஆகுசுட் பியூர்கர் (1747–1794). அவர்தம் 'லெனோர்' என்னும் கதைப்பாட்டு 1773-இல் இயற்றப்பெற்று, கோட்டிங்கன் நகரத்து 1774-ஆம் ஆண்டுக் கவிதை மலரில் வெளிவந்தது. வில்லெம் என்னும் இளைஞன் பிரெடெரிக் மன்னன் படையோடு பிராகுப் போர்க்குச் சென்றான். அப்போர் 1757-இல் நிகழ்ந்தது. ஏழாண்டுப் போர் முடிந்து படை திரும்புகின்றது; வீதிதோறும் வரவேற்பு நிகழ்கின்றது. வில்லெம் மட்டும் வரவில்லை. அவனைப் பற்றிய செய்தியும் இல்லை.

இதன்பின் தாய்க்கும் மகளுக்கும் நிகழும் உரையாடல் அகப்பொருள் கற்றார்க்கு மிக்க சுவை பயப்பது. மகள் இறைவனை நொந்துரைக்கின்றாள். தாய் அஞ்சுகின்றாள், இறைவன் செய்வது நன்றே என்கின்றாள். அது பயன்படாதபோது வேறொரு வழியால் ஆற்றுவிக்க முயல்கின்றாள்: தொலைநாடாகிய அங்கேரியில் அவன் சமயம் துறந்து வேறொருத்தியை மணந்திருப்பினோ என்று வினவுகின்றாள். தாய் வன்னெஞ்சினள் அல்லள். செய்தியின்மை இரண்டு ஐயங்களைப் பிறப்பிக்கும்: ஒன்று சாவு, மற்றொன்று பொய்ம்மை. சாவென்று கொண்டால் மகள் உயிர் தரியாள். பொய்ம்மை என்று கொண்டால் வெகுண்டேனும் வாழ்வாள். இவ்வாறு எண்ணியே தாய் அங்ஙனம் கூறினாள் எனலாம்.

நள்ளிரவில் வில்லெம் குதிரை மீது வருகின்றான், மணவறைக்கு அழைக்கின்றான். அவள் ஏறுகின்றாள். நிலவொளியில் நாடும் நகரும் பின்னோடக் குதிரை பறக்கின்றது; இறந்தோர் ஊர்தியின் விரைவைக் கூறும் தொடர் மீண்டும் மீண்டும் ஒலிக்கின்றது. முடிவில் இடுகாடே மணவறை ஆகின்றது. அவன் கவசம் உதிர்ந்து, மணற்கடிகையும் அரிவாளும் ஏந்திய எலும்புருவாய் நிற்கின்றான். இறைவனோடு வழக்காடற்க என ஆவிகள் சூழ்ந்து பாடுகின்றன.

பாட்டின் அறவுரை இறைவனை நோவாதே என்பது. ஆயினும் படிப்பார் நெஞ்சில் நிற்பது அவ்வறவுரையோ? அன்று. வரவேற்பு ஆரவாரத்தினிடையே ஒவ்வொரு வீரனையும் நிறுத்தி வில்லெம் எங்கே என்று வினவும் பெண்ணே நிற்கின்றாள்.

காலம் பற்றிய ஒரு குறிப்பு ஈண்டு இன்றியமையாதது. பாட்டு எழுந்தபோது அப்போர் முடிந்து பத்தாண்டே ஆகியிருந்தது. ஆகவே லெனோர் பழங்கதைத் தலைவி அல்லள், அக்காலத்துப் பெண். 1796-இல் இதனை ஆங்கிலத்தில் வெளியிட்ட வில்லியம் டெய்லரும் வால்ட்டர் சுகாட்டும், நிகழ்ச்சியைப் பல நூற்றாண்டு முன்தள்ளிச் சிலுவைப் போர்க் காலத்தில் வைத்தனர். இக்கால மகளையும் மறவன் ஆவியையும் சேர்த்துக் கூறுதல் நம் காலத்தார் செய்த புதுமை என்று கருதுவார் இதனை நோக்குக. பியூர்கர் தம் காலத்தையே பாடினார். பழமைப் போர்வையைப் போர்த்தவர் மொழிபெயர்த்தோரே.

4. சப்பானியக் கியோட்சுனே

பிரிந்தார் இருவரும் ஊடும் அரிய வடிவம் ஒன்றைச் சப்பானிய நோ நாடகத்திற் காண்கின்றோம். சேயாமி இயற்றிய 'கியோட்சுனே' என்னும் நாடகம் அது. தைரா குடியைச் சார்ந்த கியோட்சுனே 1183-இல், தம் குடி தலைநகரை இழந்து அலைந்தபோது, கடலிற் குதித்து உயிர்நீத்தான். அவன் குழற்கற்றையை ஏவலன் மனைவியிடம் கொணர்கின்றான். அவள் அதனை ஏற்கவில்லை. போரில் விழுந்தான் எனினும் நோயால் மாய்ந்தான் எனினும் ஆற்றியிருப்பேன்; தானே உயிர்விட்டது எனக்குத் தந்த உறுதியை மீறியதாகும் என்பது அவள் வழக்கு. அவள் கனவில் அவன் வருகின்றான்; தன் நினைவுப்பொருளை மறுத்தமைக்காக அவளை நோகின்றான். அவள் அவனை நோகின்றாள். பின்னர் அவன் தன் முடிவுக்குரிய காரணத்தை விளக்கி, இறுதியில் வீடுபேறு எய்துகின்றான்.

மறவர் நாடகங்களில் ஆவி துறவி ஒருவர்முன் தோன்றி வேண்டுதலே பெருவழக்கு. இந்நாடகத்தில் அது மனைவிமுன் தோன்றுகின்றது. முறையீட்டைக் கேட்ட பின்னரே விடுதலை பெறுகின்றது. இறந்தாரும் விடையிறுக்கக் கடவர் என்பது இதன் கொள்கை.

5. இருபதாம் நூற்றாண்டின் இருவேறு விடைகள்

முதல் உலகப் போர் இக்கதைக்குக் கொடியதோர் அடிப்படை தந்தது. உடல் கிடைக்காமல் மறைந்தோர் தொகை அப்போரில் அளவிறந்தது. சோம் ஆற்றுப் போர்க்களத்தில் மறைந்தோர்க்கென 1932-இல் திறக்கப்பெற்ற தியப்வால் நினைவு மண்டபத்தில் மட்டும் 72,000-க்கு மேற்பட்ட பெயர்கள் உள. காணாமற்போனார், இறந்தாராகக் கொள்ளப்பட்டார் என்னும் அலுவலகத் தொடரே அவர்தம் உறவினர்க்குக் கிடைத்த செய்தி. லெனோர் பட்ட துயர், ஒரு தலைமுறையின் துயர் ஆயிற்று.

எலிசபெத் போவன் 1941-இல் எழுதிய 'பேய்க் காதலன்' என்னும் ஆங்கிலச் சிறுகதை இச்சூழலிற் பிறந்தது. அதன் பெயர் பழைய ஆங்கில நாட்டுப்பாடல் ஒன்றன் பெயர்; அப்பாடலில், மறைந்த காதலன் மணமான பெண்ணிடம் வந்து பழைய வாக்கைக் கேட்டு அவளைக் கப்பலில் ஏற்றிச் செல்கின்றான். போவன் கதையின் தலைவி நாற்பத்து நான்கு வயதினள். கணவனும் மூன்று மைந்தரும் உடையவள். குண்டு வீச்சால் வெறிச்சோடிய இலண்டனில், பூட்டிக்கிடந்த தன் வீட்டிற்குச் சில பொருள் எடுக்க வருகின்றாள். அஞ்சல் தலையற்ற கடிதம் ஒன்று கூடத்தில் கிடக்கின்றது. 1916-இல் போர்க்களம் சென்று காணாமற்போன காதலன், குறித்த நாழிகையில் இன்று வருவேன் என்று எழுதியுள்ளான். அவள் வாடகைக்கார் ஒன்றில் ஏறித் தப்பக் கருதுகின்றாள். ஓட்டுநன் திரும்பி நோக்குகின்றான், அவள் அலறுகின்றாள், கார் அவளைச் சுமந்துகொண்டு ஆளற்ற தெருக்களில் விரைகின்றது.

லெனோரின் குதிரை ஈண்டு வாடகைக்கார் ஆயிற்று. வேறுபாடு ஒன்று உண்டு. லெனோர் விரும்பி ஏறினாள். இவள் தப்புதற்கே ஏறினாள். அவன் முகமும் இவள் நினைவில் இல்லை. விடைபெற்ற மாலையில் அவன் தன் படையுடைப் பொத்தான்மேல் இவள் கையை அழுத்த, அத்தழும்பே நினைவாயிற்று. அறியாப் பருவத்தில் அச்சத்தாற் கொடுத்த வாக்கும் வாக்கோ என்று கதை வினவுகின்றது. விடை கூறாது முடிகின்றது.

இதற்கு நேர் மாறான விடையை 1943-இல் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படமாகிய 'எ கை நேம்டு சோ' கூறிற்று. விக்டர் ஃபிளெமிங் இயக்கிய இப்படத்தில், குண்டுவீச்சு விமானி ஒருவன் போரில் மாய்கின்றான். மேலுலகப் படைத்தலைவன் ஆணைப்படி, இளவிமானி ஒருவனுக்குக் கட்புலனாகாத ஆசானாய் மீள்கின்றான். அவ்விளைஞனே இவன் காதலியை விரும்புகின்றான். அவளும் விமானம் ஓட்டுபவள். இளைஞனுக்கு இட்ட இடர்மிக்க பணியைத் தானே மேற்கொண்டு அவள் பறந்தபோது, ஆவி உடனிருந்து காக்கின்றது. பின்னர் வாழ்க என்று விடைகொடுத்து நீங்குகின்றது. போர் நடந்துகொண்டிருந்த ஆண்டில், கணவரையும் காதலரையும் இழந்த மகளிர் அரங்குகளில் அமர்ந்து இதனைக் கண்டனர் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். மறுமணம் இறந்தார்க்கு இழைக்கும் பிழை அன்று என்பதை இறந்தவன் வாயாலேயே கூறுவித்தது இப்படம்.

6. தமிழ் மரபோடு ஓர் ஒப்பீடு

இக்கதைகள் தமிழிலிருந்து சென்றன என்றோ தமிழிற்கு வந்தன என்றோ கூறுதற்கில்லை. மரபு வேறுபாட்டை உணர்த்துதற்கே இவ்வொப்பீடு. தொல்காப்பியம் காஞ்சித்திணையுள் தொடாக்காஞ்சி என்றொரு துறை வகுக்கும். புண்பட்ட கணவனைப் பேய் அணுகாமல் மனைவி காத்தல் அது. அரிசில்கிழார் பாடிய புறநானூற்றுப் பாட்டு (281) இரவ இலையும் வேம்பும் செருகி, ஐயவி சிதறி, காஞ்சி பாடிக் காக்கும் மனையைக் காட்டும். மேனாட்டுக் கதைகளில் மறவனே ஆவி. நம் துறையில் மறவனை ஆவியினின்று காப்பவள் மனைவி. மாய்ந்த மறவற்குக் கல் நட்டு, பெயரும் பீடும் எழுதி வாழ்த்தியமையால், அவன் நிலையான இடம் பெற்றான். இடம் பெற்றவன் அலைய வேண்டுவது இல்லை என்று கருதலாம்.

இறந்த கணவன் எழுந்து மனைவியோடு பேசும் நிகழ்ச்சி ஒன்று சிலப்பதிகாரத்து ஊர்சூழ்வரியில் உண்டு. கோவலன் வணிகனே, மறவன் அல்லன். ஆயினும் ஒப்பு நோக்கத்தக்கது. வெட்டுண்டவன் எழுந்து கண்ணகியின் கண்ணீரைக் கையால் மாற்றி, ஈங்கிருக்க எனக் கூறி விண் செல்கின்றான். இது மாயமோ, மருட்டும் தெய்வமோ என்று அவள் ஐயுறுகின்றாள். லாவோதாமியா போல உடன் மாயவும் இல்லை. லெனோர் போலத் தெய்வத்தை நோவதோடு அமையவும் இல்லை. சினம் தணியாமல் கணவனைக் கூடேன் எனத் துணிந்து அரசன் வாயில் நோக்கி நடக்கின்றாள்.

7. முடிபுரை

மேற்கூறியவற்றால் மூன்று வகை பெறப்படும். இருப்பவள் இறந்தவனை விடாமை ஒன்று. லாவோதாமியா இதற்கு எடுத்துக்காட்டு. இறந்தவன் இருப்பவளை விடாமை மற்றொன்று. போவன் கதை இதன்பாற்படும். லெனோர் இவ்விரண்டற்கும் இடைப்பட்டவள். அவள் விடவில்லை, அவனும் விடவில்லை. ஒருவர் மற்றவர்க்கு விடைகொடுத்தல் மூன்றாவது. கியோட்சுனேயும் 1943-ஆம் ஆண்டுத் திரைப்படமும் அவ்வகையின.

வகை எதுவாயினும் அடிப்படை ஒன்றே. உடலும் செய்தியும் வாராதபோது பிரிவு முற்றுப்பெறுவதில்லை. சொல்லப்படாது நின்ற விடையைச் சொல்லுதற்கு ஆவியை வருவிக்கின்றது இலக்கியம். அவ்வாவி தன் காதலியை இடுகாட்டிற்கு அழைக்கின்றதோ, வாழ்விற்கு அனுப்புகின்றதோ என்று நோக்குவார்க்கு, அக்கதையை ஆக்கிய சமுதாயம் தன் கைம்பெண்களை எவ்வாறு நடத்தக் கருதிற்று என்பது புலனாகும். இந்நோக்கில் ஆராயின், கற்றோர் ஒதுக்கிய கதைகளும் வரலாற்றுச் சான்றுகளாய் நின்று பயன்தரும்.